லாபம், ரெண்டு, மூணு

உலக மக்கள்தொகை பற்றி காலேஜில் செமினார் எடுத்து, ஸ்லைடு போட்டு, கைத்தட்டலும் வாங்கியவள் நான். ஆனால் மக்கள்தொகைக்கு எடை உண்டு, முழங்கை உண்டு, அது தன் பலாப்பழத்தை நம் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த மனிதரின் ஷேர் ஆட்டோவில்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் போன் போட்டு, "பேரைப் போட்டியே, போட்டோ எங்க?" என்று கேட்பார். ரோட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மரக்காணம் ரோட்டில் பெருமுக்கல் வரை, அங்கிருந்து உள்ளே பிரிந்து எங்கம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் வரை, அவருக்கு ஒரே பெயர்: 'தள்ளி ஒக்காரு'.

"ணா, எடமே இல்ல ணா!" என்று உள்ளிருந்து யாராவது கத்துவார்கள்.

"ஒலகத்துலயே எடம் இருக்குது, என் வண்டில இல்லியா? தள்ளி ஒக்காரு."

"எங்க தள்றது? இனிமே வெளியதான் தள்ளணும்."

"வெளிய காத்து நல்லா வரும். குடுத்து வெச்சவன்டா நீ."

சட்டப்படி தப்பு. ஆமாம். அதை அவரிடம் சொன்னவர்கள் எல்லாருமே அந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள். கை காட்டியவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. அது ஒரு வியாதி மாதிரி. தூரத்தில் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட பிரேக் போடுவார்.

வண்டி எடுப்பதற்கு முன் தலை எண்ணுவார். கண்ணாடியைத் திருப்பி, கற்பூரம் காட்டுகிற மாதிரி மெதுவாக "லாபம்" என்பார். அப்புறம் சத்தமாக "ரெண்டு, மூணு, நாலு..." என்று போகும். ஒன்று எங்கே போச்சு? நான் விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. ஸ்டேட்டிஸ்டிக்ஸ் கடைசி வருஷம். சும்மா விடுவேனா? நானே யோசித்து நானே முடிவு கட்டினேன்: 'லாபம்' என்பது போணிக்கான பிரார்த்தனை. ஒன்று என்பது அவரே. டிரைவர் தன்னை மனசுக்குள் எண்ணிவிட்டு, எங்களை இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறார். எவ்வளவு அழகான முடிவு! யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்கம் பழைய ஓனர் 'நாம் இருவர், நமக்கு ஒருவர்' என்று எழுதி வைத்திருந்தார். இவர் வாங்கிய அன்றைக்கே அந்த 'ஒருவர்' மேல் மஞ்சள் பெயிண்டை அடித்துவிட்டார். 'நாம் இருவர், நமக்கு' என்று மொட்டையாக நிற்கும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கேட்பார்கள்: "நமக்கு? நமக்கு இன்னாயா?"

"நமக்கு எடம் இருக்குது!" என்று இவர் கையை வெளியே நீட்டிக் கத்துவார்.

இவ்வளவு பேசும் மனிதருக்கு ஒரே ஒரு பெண். ஒருமுறை வண்டியே சேர்ந்து அவரை இதற்காகக் கலாய்த்தது.

"வூட்டுல நான் மைனாரிட்டி" என்றார். "வூட்டுக்காரி போதும்ன்னா போதும்தான். பெத்துக்கறது பொம்பளைங்க இஷ்டம். பெத்ததை ஏத்தறது மட்டும்தான் என் வேலை."

அந்த வேலையை அவர் எப்போது ஆரம்பிப்பார் என்றால், வளைகாப்பில். அந்தச் சுற்றுப்பக்கம் எங்கே வளைகாப்பு நடந்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் ஒரு கட்டு கட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் "இன்னிலேந்து உனக்கு மெத்தை சீட்டு" என்று சொல்லிவிட்டு வருவார். மெத்தை சீட்டு என்பது டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், ஒரு பழைய தலையணை. மாசமான பெண் ஏறினால் அதில் உட்கார்ந்திருப்பவர் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஸ்பீட் பிரேக்கரெல்லாம் எறும்பு மாதிரி ஏறி இறங்குவார். பின்னால் ஹாரன் அடித்தால், "ரெண்டு பேரு ஒரே சீட்டுல வர்றாங்க, கண்ணு தெரியல?" என்பார். வலி வந்தால் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோகக் காசு வாங்க மாட்டார்.

"ஏன் ணா வாங்க மாட்டேன்றீங்க?"

"அஞ்சு வருஷத்துல அது யாரு? என் கஸ்டமர். மொத சவாரி ஃப்ரீ. இன்னா புள்ளிவெவரம், நீ பிசினஸ் படிக்கலியா?"

என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். ஸ்டேட்டிஸ்டிக்ஸ் வாயில் நுழையவில்லை, தமிழில் மாற்றிக்கொண்டார். வண்டி முழுக்க எனக்குப் புள்ளிவெவரம் என்றே பெயராகிவிட்டது. "புள்ளிவெவரம், கொஞ்சம் பையைப் புடி", "புள்ளிவெவரம், டிபன்ல இன்னா?"

செமினாருக்கு முந்தின நாள் வண்டியிலேயே ரிகர்சல் பார்த்தேன். கேட்க பத்துப் பன்னிரண்டு பேர், தப்பித்து ஓடவும் வழியில்லை. இதைவிட நல்ல ஆடியன்ஸ் எங்கே கிடைக்கும்?

"ஒலக ஜனத்தொகை ஏறிக்கினே போவும் ணா. அப்புறம் ஒரு உச்சி வரும். அங்கேந்து இறங்க ஆரம்பிக்கும்னு கணிச்சிருக்காங்க. நம்ம பக்கம் ஏற்கெனவே புள்ளைங்க கொறஞ்சாச்சு."

"யாரு கணிச்சது?"

"கம்ப்யூட்டர் வெச்சு கணிப்பாங்க ணா."

"அது நம்ம ரூட்ல வந்திருக்குதா?"

"அய்யோ, பொறப்பு மைனஸ் சாவு. அவ்ளோதான் கணக்கு."

"அதாவது, ஏர்றவங்க மைனஸ் எறங்கறவங்க."

"கரெக்ட்!"

"சரி, பாதி வழியில வேற வண்டிலேந்து மாறி ஏர்றான் பாரு, அவன் எந்தக் கணக்கு?"

"அது மைக்ரேஷன். ஈஸியா இருக்கட்டும்னு அதை நான் ஜீரோன்னு வெச்சுக்கிட்டேன்."

வண்டி சிரித்த சிரிப்பில் யாரோ என் மடியில் வைத்திருந்த பலாப்பழம் உருண்டது. பின்சீட்டில் பெயிண்ட் ரோலரோடு மூன்று வடநாட்டுப் பையன்கள் இருந்தார்கள். அவர் திரும்பி, "பாய்சாப், நீங்கல்லாம் ஜீரோவாம்! புள்ளிவெவரம் சொல்லிடுச்சு!" என்றார். ஒன்றும் புரியாமல் அந்த மூன்று பேரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

அந்த வருஷம்தான் எங்கம்மாவின் பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து வந்தது.

எங்கம்மா அங்கே தலைமையாசிரியை. இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு. ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் மரத்தடியில் வகுப்பு நடந்ததாம். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு பதிவேட்டில் மிச்சம் பதினைந்து பேர். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், குரல்கூட உயர்த்தவில்லை. ஜூனில் சேர்க்கை நாளன்று தானே வந்து எண்ணுவதாகவும், இருபது பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடக்கும், இல்லாவிட்டால் மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றும் சொன்னார். போகும்போது, அம்மாவை ஏற்றிப்போக வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார்.

"அப்படி மாத்துனா, பசங்களை டெய்லி கொண்டுபோய் விட வண்டி வேணும். இந்த ஊருக்கு உன் வண்டிதானே வருது?"

இவர் அன்றைக்குத் தலை எண்ணாமலே வண்டி எடுத்தார்.

மறுநாள் வண்டியில் இதே பேச்சு. "உனக்கின்னாபா, யோகம்! பள்ளிக்கூடம் மூடுனா தெனம் ரெண்டு ட்ரிப்பு கேரண்டி" என்று பால் சொசைட்டிக்காரர் தொடையைத் தட்டினார்.

"அஞ்சு வயசுப் புள்ளைய தூக்கத்தோட தூக்கியாந்து மெயின் ரோடு தாண்டி இட்டுக்கினு போறது சவாரியா?" என்றார் இவர். "மொதல்ல புள்ளை ஏறும். அடுத்த வருஷம் அதோட அப்பன் ஆத்தா மூட்டையக் கட்டிக்கினு ஏறுவாங்க. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல எவன் குடி இருப்பான்? அதுக்கப்புறம் காலி வண்டியா ஓட்டிக்கினு கெடக்க வேண்டியதுதான். கிழவன் நீ ஒருத்தன் வருவே, அதுவும் பேசிக்கினே வருவே. பேஜாரு."

பால் சொசைட்டிக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

நான் எக்செல் ஷீட்டில் நூறு வருஷத்துக்குக் கிராஃப் போட்டுக் காட்டினதை, அந்த மனிதர் ஒரு ஆட்டோவில் மூன்று பேரை ஏற்றிவிட்டு முடித்துவிட்டார். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

பதினைந்து இருக்கிறது, ஐந்து வேண்டும். ஜூனில் ஐந்து வயது முடிகிற பிள்ளைகள் யார் யார் என்று அவரைத் தவிர யாருக்குச் சரியாகத் தெரியும்? அம்மா என்னை அனுப்பினாள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மசால்வடையோடு நின்றவரிடம் போனை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க ணா, டைப் பண்றேன்."

வாயில் வடையோடு ஆரம்பித்தார். "லாபம், செங்கேணி பொண்ணு, பெங்களூர்லேந்து வந்துக்கினு இருக்குது."

சரி, பெங்களூர் பஸ்ஸில் வருகிற யாரையோ ஏற்றப் போகிறார், அது அவருக்கு லாபம். நமக்கென்ன? காத்திருந்தேன்.

"ரெண்டு, டெய்லர் வூட்டுப் பையன்."

டைப் பண்ணினேன். போன் தானாகவே முன்னால் '1' என்று போட்டுக்கொண்டது.

"மூணு, நாலு, மேட்டுத்தெரு ரெட்டைப் புள்ளைங்க. அஞ்சு, நம்ம பால் சொசைட்டியார் பேத்தி. அவ்ளோதான். டீ சாப்புடறியா?"

அவர் ஐந்து என்று முடித்தார். போனில் நான்கு இருந்தது. நான் குழம்பவே இல்லை. மனிதர் வழக்கம்போலத் தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டார். கழித்துவிட்டேன். ஸ்டேட்டிஸ்டிக்ஸ்!

லிஸ்டைப் பார்த்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாலுதானாடி? பத்தொம்பதாச்சே." ஊரில் ஒருவர் சுலபமான வழி சொன்னார்: ஏதாவது ஒரு பெயரை எழுதிவிட்டால் போச்சு, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "இல்லாத புள்ளைக்கு யாருங்க அ, ஆ சொல்லிக் குடுக்கறது? நீங்க வர்றீங்களா?"

ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன். "ணா, ஒண்ணு கொறையுது."

"இன்னாது! நேத்துகூட சரியா இருந்துச்சே?"

"நான் கணக்கு போட்டுட்டேன் ணா. கொறையுது."

அந்தப்பக்கம் வண்டியை ஆஃப் பண்ணுகிற சத்தம். அப்புறம், "நாளைக்கு வெடிகாலைல ரெடியா இரு. ஒரு புள்ளைதானே? ஒலகத்துல இல்லாத புள்ளையா!"

மறுநாள் நாங்கள் இருவரும் பிள்ளை பிடிக்கக் கிளம்பினோம். வேறு எப்படிச் சொல்வது? வீடு வீடாக நிறுத்தினார். மூன்று வயசுப் பையனை ஒரு அம்மா தள்ளிவிட்டு, "இட்டுக்கினு போங்க ணா, வூட்டுல இம்சை தாங்கல" என்றாள். அவர் அவன் உயரத்தை ஆட்டோ சக்கரத்தோடு அளந்து பார்த்து, "ரெண்டு வருஷம் ஊறப்போடுமா" என்றார். ஏழு மாசக்காரி ஒருத்தி வயிற்றைத் தட்டி, "இவன் பேரை இப்பவே எழுதிக்கோங்க டீச்சர்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அங்கிருந்தே கத்தினார்கள்: "இன்னாணா, புள்ளை வாங்கக் கெளம்பிட்டியா? வெலை இன்னா?" மதியம் வரை எங்கள் கையில் மிஞ்சியது இரண்டு கைப்பிடி பச்சை மல்லாட்டை மட்டும்தான்.

பெருமுக்கல் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினார். மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"புள்ளிவெவரம், உன் ஜீரோ எங்க கீது?"

"எது ணா?"

"மாறி ஏர்னவங்க!"

கல் உடைக்கிற க்ரஷர் பக்கம் தகரக் கொட்டகைகள். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து அவர்களை மூட்டை முடிச்சோடு ஏற்றிவந்தவரே இவர்தான். ஒரு கொட்டகை வாசலில் ஜல்லிக்கற்களை வரிசையாக அடுக்கி ஒரு சின்னப் பெண் கடை வைத்திருந்தாள். முகமெல்லாம் வெள்ளைத் தூசி, இரண்டு கண் மட்டும் கருப்பாகப் பளபளவென்று. அவள் அப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தார். இவருக்குத் தெரிந்த இந்தி மொத்தம் ஏழெட்டு வார்த்தை, எல்லாம் பயணிகளிடம் பொறுக்கியது.

"பாய்சாப், ஸ்கூல்! பாப்பா ஸ்கூல்! டெய்லி அண்டா!"

நான் அவர் சட்டையை இழுத்தேன். "ணா, எதுக்கு ணா அண்டா குடுக்கறேன்னு சொல்றீங்க? ஸ்கூல்ல இருக்கறதே ஒரு அண்டா. அதுலதான் சாம்பார் வெக்கணும்!"

"அய்ய, அவங்க பாஷைல அண்டான்னா முட்டை. சத்துணவு முட்டையச் சொல்றேன்!"

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா 'அண்டா' என்ற வார்த்தையைக் கேட்டு வெளியே வந்தாள். பாதிப் பேச்சு, பாதி சைகை. அந்தக் குழந்தைக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பெயர் முனியா. யார் தினமும் கூட்டிப்போவது என்று அந்த அப்பா ரோட்டைக் காட்டிக் கவலையாகக் கேட்டார். இவர் தன் நெஞ்சைத் தட்டினார். பிறகு ஆட்டோவைத் தட்டினார். பிறகு மெத்தை சீட்டை எடுத்துக் காட்டினார்.

சேர்க்கை நாள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கல்யாணத்துக்கு மாதிரி. பழைய பிள்ளைகள் பதினைந்து பேரும் வேப்பமரத்தடியில் வரிசை. ஜீப் வந்து நின்றது. ஆட்டோவைக் காணோம். அதிகாரி வாட்சைப் பார்த்தார், அம்மா ரோட்டைப் பார்த்தாள், நான் என் நகத்தைத் தின்றேன்.

முதலில் ஹாரன் கேட்டது. அப்புறம் மஞ்சள் தூசி. வண்டியிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள். தலை வாரி, பவுடர் அடித்து, முனியாவுக்கு யாரோ கனகாம்பரம்கூட வைத்துவிட்டிருந்தார்கள். "பேரு முனியாவா? நம்ம முனியம்மாதானா!" என்று சத்துணவு அக்கா அவளை அப்படியே தூக்கிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பத்தொன்பது, இருபது. அம்மா மூச்சு விட்டாள். பேனா நிற்கவில்லை.

"இருபத்தொண்ணு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். நான்கு பெயர், கூட முனியா. பதினைந்தும் ஐந்தும் இருபது. புதுப் பிள்ளைகளின் வரிசையில் முதல் ஆளாக, கண்ணில் ரோஸ் கலர் கூலிங் கிளாஸோடு, எனக்குத் தெரியாத ஒரு பெண் கெத்தாக நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு பாப்பா நீ?" என்று கேட்டேன்.

"செங்கேணி பொண்ணு" என்றார் அவர் பின்னாலிருந்து. "பெங்களூர்லேந்து ஆத்தாளோட வந்து செட்டில் ஆயிடுச்சு. அதான் மொத ஆளா சொன்னேனே?"

"எப்ப சொன்னீங்க? ரெண்டுலேந்துதானே ஆரம்பிச்சீங்க!"

"லாபம்னு சொன்னேனே!"

"லாபம்னா?"

"லாபம்னா ஒண்ணு!"

எங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடியவில்லை. பட்டுப்புடவையோடு பம்பு மேடையில் உட்கார்ந்து சிரித்தாள். "அடிப்பாவி! நெல்லு அளக்கறப்ப மொத மரக்காலை லாபம்னுதான்டி சொல்லுவாங்க! மூணு வருஷமா படிச்சியே, ஒண்ணு எதுன்னு தெரியாமலா படிச்ச?"

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் எண்ணுவாங்க" என்றார் அதிகாரி. அவரும் சிரிப்பை அடக்கப் பதிவேட்டை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"அப்ப நான் ஒண்ணு கொறையுதுன்னு சொன்னப்ப நீங்க ஏன் ணா கேக்கல?"

"நம்ம பதினஞ்சுல ஒண்ணு டவுன் பள்ளிக்கூடத்துக்குத் தாவிடுச்சுன்னு நெனச்சேன். நீ வேற கணக்கு போட்டுட்டேன்னியே! படிச்ச புள்ளை சொன்னா சரியாதான் இருக்கும்னு..." அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுன்னே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒண்ணுன்னா ஒண்டியா நிக்கும், பாவம். லாபம்னா பின்னாடியே ஆளு வரும். வந்துச்சா இல்லியா?"

வந்திருந்தது. நான் ஒழுங்காக எண்ணியிருந்தால் இருபதோடு முடிந்திருக்கும். முனியா இன்னும் ஜல்லிக்கல்லில் கடை வைத்துக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட உருப்படியான தப்பு அதுதான். இப்போது சென்னையில் டேட்டா வேலை பார்க்கிறேன். 'மைக்ரேஷன்' என்று ஒரு கட்டம் வரும். அதில் ஜீரோ போடக் கை போகும்போதெல்லாம், பின்சீட்டிலிருந்து மூன்று பேர் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வண்டியில்தான் திரும்பினோம். முனியா மெத்தை சீட்டில், கையில் பாதி முட்டை. மீதி இடத்தில் நான், அம்மா, செங்கேணி, கூலிங் கிளாஸ், பால் சொசைட்டிக்காரர், ரெட்டைப் பிள்ளைகள், அவர்கள் அம்மா, இரண்டு கேப்பை மூட்டை. அவர் கண்ணாடியைத் திருப்பினார்.

"லாபம். ரெண்டு, மூணு, நாலு..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ணா, அப்ப உங்களை நீங்க எண்றதே இல்லியா?"

"என்னை எண்ணுனா ஒரு ஆளு எடம் போயிடுமே" என்றார். ரோட்டோரம் ஒரு பாட்டியம்மா மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றாள். பிரேக் விழுந்தது. "தள்ளி ஒக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். இடம் இருந்தது.